சின்னக்கானல் கூரைக்கு மேலே போன கோடு

ராமுத்தாய் வென்றவற்றை முதலில் எழுதிவிடுவது நல்லது. 1998இல் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில், இலை ஈரமாக இருக்கிறது என்று கூடைக்கு நான்கு கிலோ கழித்த கணக்கப்பிள்ளையிடம், இரண்டு கிலோதான் கழிக்கலாம் என்று நின்று வாதாடி வென்றாள். வரிசையில் நின்ற முப்பத்தாறு பெண்களில் வாயைத் திறந்தவள் அவள் ஒருத்திதான். 2008இல் சரிவில் விழுந்து வலது முழங்கால் உடைந்தது. இனி மேடு ஏற மாட்டாள் என்று சொன்ன டாக்டரை எட்டே மாதத்தில் பொய்யாக்கினாள். 2014இல் ஜீப் ஸ்டாண்டில் பதினொரு ஆண்கள் கூடி, ஒரு பொம்பளை சொல்லி நாங்கள் வண்டி எடுப்பதா என்று கேட்டார்கள். அந்த வருஷம் ஓணம் வருவதற்குள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் சாவியைத் தொடுவதில்லை என்றானது. 2017இல் ஒற்றை யானைக்கு முன்னால் தேயிலைச் செடிக்குள் ஒரு மணி நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதை வெற்றி என்று சொல்ல முடியாது, யானைதான் சலித்துப்போய் நகர்ந்தது. என்றாலும் உயிரோடு வீடு வந்தாள். கடைசியாக 2023இல், பட்டம் படித்த ஒரு மேனேஜரையும் அவருடைய செல்போனில் இருந்த ஒரு பக்கத்தையும் வென்றாள். என் கூடப் பிறந்தவள் என்பதற்காகக் கூட்டிச் சொன்னது இதில் ஒன்றும் இல்லை. தேதியும் மணியும் இரண்டு முறை சரிபார்த்தவை.

அந்தக் கடைசி விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும்.

சின்னக்கானலில், அணைத் தண்ணீர் தெரிகிற மேட்டில் ஒரு ரிசார்ட் இருக்கிறது. ராமுத்தாய் 2010இல் அங்கே குளியலறை கழுவும் வேலைக்குப் போனாள். நான்கு வருஷத்தில் அதே இடத்தில் வண்டிப் பொறுப்புக்கு வந்தாள். எந்த விருந்தாளி எந்த விமானத்தைப் பிடிக்க வேண்டும், அதற்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு மேட்டை விட்டு இறங்க வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. கொச்சி விமானம் என்றால் நெடும்பாசேரி. மதுரை என்றால் போடிமெட்டு இறங்கித் தேனி வழி. கோயம்புத்தூர் என்றால் மறையூர், உடுமலை வழி. மூன்றுக்கும் அவள் சொன்ன நேரம் ஒன்பது வருஷத்தில் நான்கு முறைதான் தவறியது. அந்த நான்கில் இரண்டு நிலச்சரிவு, ஒன்று ஹர்த்தால், ஒன்று மணமகன் வர மாட்டேன் என்று குளியலறைக்குள் பூட்டிக்கொண்டது.

அவள் இரண்டாம் வகுப்பை முடிக்கவில்லை. எழுத்து வரவில்லை, எண் வந்தது. கொழுந்துச் சீட்டில் தினமும் கிலோவைப் பார்த்துப் பார்த்துப் படிந்த எண். அதனால் அவள் வைத்திருந்த நீளமான நோட்டில் எண்களும் படங்களும் மட்டுமே இருக்கும். மேகம் வரைந்திருந்தால் மூடுபனி. சாய்ந்த கோடுகள் மழை. தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தால் யானை ரோட்டில் நின்றது. கரும்புக்குப் பதில் மூன்று கணுவுள்ள குச்சி. மறையூரில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய நாள்.

அந்த எண்களை அவள் சேர்த்த விதம் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. திரும்பி வந்த டிரைவரிடம் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்கவே மாட்டாள். டிரைவர்கள் அதில் பொய் சொல்வார்கள். சீக்கிரம் போனதாகச் சொன்னால் கெட்டிக்காரன், தாமதமாகப் போனதாகச் சொன்னால் பாவப்பட்டவன். உண்மை சொன்னால் ஒன்றும் கிடையாது. அவள் கேட்பது ஒரே கேள்வி.

"எங்கண்ணே டீ குடிச்சீக?"

"அடிமாலில."

"கடைல வடை இருந்துச்சா?"

"இப்பத்தான் போட்டு எடுத்தாங்க."

"அப்ப பத்தரை," என்று எழுதிக்கொள்வாள். எந்தக் கடையில் எத்தனை மணிக்கு வடை போடுவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். டீ குடித்த இடத்தைப் பற்றி எந்த டிரைவரும் பொய் சொன்னதில்லை. அதில் பொய் சொல்லி என்ன லாபம்?

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். தராசில் ஏறுவது எடை இல்லை. கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகு நிற்பதுதான் எடை. பாதைக்கும் அதே நியாயம்தான், இங்கே கழிப்பதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டும். மழைக்கு இருபத்தைந்து நிமிடம், சனி ஞாயிறு மூணாறு டவுனுக்கு நாற்பது நிமிடம், வாந்தி எடுக்கிற குழந்தைக்குத் தலைக்குப் பத்து.

2023 மே மாதம் ஜின்சன் மேனேஜராக வந்தார். ஹோட்டல் நடத்துவதற்கென்றே இருக்கிற படிப்பைப் படித்தவர். கடலோரத்துக்காரர். மலையை அதுவரை சுற்றுலா பஸ் ஜன்னலில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு பார்த்த அளவுக்குத்தான் தெரியும். வந்த மூன்றாம் வாரம் ஒரு நாள் காலை, டிரைவர்கள் நிற்கும்போதே ராமுத்தாயை ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டார். சுவரில் வரைபடம் தொங்கியது. அவர் கையில் அடிஸ்கேல்.

"சேச்சி, இங்க பாருங்க. இது மதுரை ஏர்போர்ட். இது நெடும்பாசேரி. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை தூரம்னு போன்ல போட்டிருக்கு. நூத்தித்தொண்ணூறு கிலோமீட்டர். பறக்கற நேரம் நாப்பத்தஞ்சு நிமிஷம்." ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தார். "கோடு எங்க போகுது?"

"நம்ம கூரை மேல போகுது சார்."

"சரிபாதி! நூத்தித்தொண்ணூறுல பாதி?"

"தொண்ணூத்தஞ்சு."

"அப்போ நெடும்பாசேரி இங்கேருந்து தொண்ணூத்தஞ்சு கிலோமீட்டர். மணிக்கு அம்பதுன்னு வெச்சாக்கூட ரெண்டு மணி நேரம். நீங்க என்னடான்னா எல்லாரையும் அஞ்சு மணி நேரம் முன்னாடி விரட்டறீங்க."

"தொண்ணூத்தஞ்சு யாருக்கு சார்?"

"யாருக்குன்னா?"

"கொக்குக்கா, காருக்கா?"

டிரைவர்களில் மூத்தவரான பெரியமுத்து மூக்கால் சிரித்துவிட்டார். ஜின்சனுக்குக் காது சிவந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் அந்த வேலையை இழந்திருக்க வேண்டியது. ஆனால் சொல்வதற்கு அவரிடம் அப்போது காரணம் இல்லை.

அவர் போனில் பார்த்த அந்தப் பக்கத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து கொச்சிக்கு நேரடி விமானம் இல்லை என்று அதே பக்கத்தில் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. ரிசப்ஷனில் இருக்கும் சிவசங்கரி படித்துக் காட்டினாள். இல்லாத விமானத்துக்குப் பறக்கும் நேரம் போட்டிருக்கிறார்கள். அதை இரண்டாக வகுத்து ஒரு மனிதர் சுவரில் மாட்டுகிறார். பிறக்காத கன்றுக்குக் கயிறு திரிப்பவனாவது, பசு சினையாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வான்.

ஒரு வாரத்தில் ரிசப்ஷனில் ஃப்ளெக்ஸ் பலகை வந்தது. விமானப் படம், தேயிலைத் தோட்டப் படம், நடுவில் பெரிய எழுத்து: "கொச்சி விமான நிலையம் 95 கி.மீ. 2 மணி நேரம். மதுரை விமான நிலையம் 95 கி.மீ. 2 மணி நேரம். வானத்தில் வெறும் 22 நிமிடம்!"

"இருபத்திரண்டு நிமிஷத்துல கூரைக்கு மேல வந்துருவாக சரி," என்றாள் ராமுத்தாய். "எறங்குறது எப்படி? குதிச்சா?"

மலையை ஏமாற்ற முடியாது, மனிதர்களை ஏமாற்றலாம். ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஆறு குடும்பங்கள் விமானத்தைத் தவறவிட்டன. ஆறு முறையும் பழி டிரைவர் மேல் விழுந்தது. அருள்குமார் என்ற டிரைவர் நேரியமங்கலம் காட்டு ரோட்டில் மழையில் மெதுவாகப் போனதற்காக வேலையை இழந்தான். வேகமாகப் போயிருந்தால் வேறொன்றை இழந்திருப்பான். சரியான நேரம் சொன்ன குற்றத்துக்காக ராமுத்தாய்க்கும் தேதி குறித்தார்கள். பலகையே எல்லாம் சொல்லிவிடுகிறது, வண்டிப் பொறுப்பு என்று ஓர் ஆள் எதற்கு, நவம்பர் ஒன்றிலிருந்து பழையபடி குளியலறைக்குப் போங்கள் என்றார் ஜின்சன்.

நாற்பத்தேழு வயது, இரும்புக் கம்பி வைத்த முழங்கால். குனிந்து தரை தேய்க்கும் வேலை திரும்ப வந்தால் அந்தக் கால் ஒரு வருஷம் தாங்காது. அது அவளுக்கும் தெரியும், ஜின்சனுக்கும் தெரியும்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி மாலை அவரே ஒரு பந்தயம் வைத்தார். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து ஒரு தம்பதி வந்து தங்கியிருந்தார்கள். தனபால், நர்மதா. நெல் விவசாயம். மகள் யோகப்பிரியாவுக்கு மஸ்கட்டில் பிரசவம். போகிற வழியில் இரண்டு நாள் குளிர் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மாப்பிள்ளை அங்கிருந்தே செல்போனில் அறை பிடித்திருந்தார். எலப்புள்ளியிலிருந்து நெடும்பாசேரிக்குப் போகிற வழி சின்னக்கானல் ஆனதும் அந்தப் பலகையின் புண்ணியம்தான். அதன் படத்தை ரிசார்ட் விளம்பரத்திலும் போட்டிருந்தார்கள். விமானம் மறுநாள் மாலை ஐந்து நாற்பதுக்கு. மூன்று மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும்.

"பன்னெண்டரைக்குப் புறப்பட்டா ரெண்டரைக்கு அங்க," என்று வரைபடத்தில் அடிஸ்கேலை வைத்துக் காட்டினார் ஜின்சன். "சேச்சி, எல்லார் முன்னாடியும் சொல்றேன். நாளைக்கு இவங்க ஃப்ளைட்டைப் பிடிச்சா நீங்க நவம்பர் வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம், நாளைக்கே வாளியை எடுத்துக்கலாம். பிடிக்கலைன்னா நான் போர்டைக் கழட்டிடறேன். மதியோ?"

போதுமா என்று கேட்டார். டிரைவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். போதும், தாராளமாகப் போதும். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். மறுநாள் பன்னிரண்டரை மணி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேலை அவளுக்கு, முழங்கால் அவளுக்கு, பலகை குப்பைக்கு.

பெரியமுத்து வெளியே வந்து சொன்னார்: "தாயி, பழம் நழுவிப் பால்ல விழுந்துருச்சு. நாளைக்கு ஒரு நாள் நீ ஊமை."

"அந்தம்மா மகளுக்குப் பிரசவம்ணே."

"நீயா வலி எடுக்கச் சொன்ன? மேனேஜரு சொல்றாரு, அவுக போறாக. விட்டது ஃப்ளைட்டு. அடுத்த ஃப்ளைட்டு இல்லாமலா போகும்?"

மறுநாள், பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு ராமுத்தாய் தனபாலின் அறைக் கதவைத் தட்டினாள்.

தனபால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார். "ஏனுங்க, பன்னண்டரைக்குக் கெளம்புனாப் போதும்னு மேனேஜரு சொன்னாருங்களே?"

"ஏழு மணிக்குக் கெளம்பணும்ங்கய்யா."

"எத்தன கிலோமீட்டருங்க இருக்கும்?"

"கிலோமீட்டரு கேக்காதீக. எத்தனை வளைவு, எத்தனை மழைன்னு கேளுங்க. மத்தியானத்துக்கு மேல அடிமாலி எறக்கத்துல மழை புடிக்கும். பூசை லீவுக்கு வண்டி வேற ஏறி வருது."

தனபால் தலையைச் சொறிந்தார். "அது செரிங்க. மத்தியானச் சோத்துக்கும் சேத்திக் கட்டீருக்குதுங்களே. பதினாறு வகைன்னு எழுதிப் போட்டிருக்கறாங்க."

உள்ளேயிருந்து நர்மதாவின் குரல் வந்தது. "அங்க புள்ள வகுத்தப் புடிச்சுட்டு ஒக்கோந்திருக்கறா, இங்க இவருக்குப் பதனாறு வகை வேணுமாம்! ஏனுங்க அக்கா, நீங்க சொல்றதுதான் செரி. பொட்டியக் கட்டியே வெச்சிருக்கறேன். நேத்து அந்த மேனேஜரு அடிக்குச்சிய வெச்சு மலைய அளந்து காட்டுனப்பவே எனக்கு நம்பிக்க போயிருச்சுங்க."

"அப்ப சோறு?" என்றார் தனபால்.

"கட்டித் தரச் சொல்லிருக்கேன்ங்கய்யா. பதினாறும் கெடையாது, மூணு வகை."

ஏழு பத்துக்குப் பெரியமுத்துவின் கார் மேட்டை விட்டு இறங்கியது. அவர் கண்ணாடியை இறக்கி, "உனக்குப் பொழைக்கத் தெரியாது தாயி," என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் பிழைக்கத் தெரிந்தவர்கள்தான் அன்றைக்கு மலையில் நிறையப் பேர் இருந்தார்களே.

ஒன்பது மணிக்கு ஜின்சன் வந்தார். நடந்ததைக் கேட்டதும் கோபப்படவில்லை, சிரித்தார். "ஏழு மணிக்கு அனுப்பினா நிச்சயமா பிடிப்பாங்க. பிடிச்சா என்ன பேச்சு? வாளி எங்க இருக்குன்னு தெரியும்ல சேச்சி?"

"தெரியும் சார்."

"பயந்துட்டீங்க."

"ஆமா சார். அந்தம்மாவுக்காகப் பயந்துட்டேன்."

வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துவந்து ரிசப்ஷன் தரையிலிருந்தே தொடங்கினாள். அந்தப் பலகைக்கு நேர் கீழே. முழங்கால் முதல் பத்து நிமிடத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டது. மெனக்கெட்டுத் தோற்றவளைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஜின்சனுக்கு மட்டும் டீ வழக்கத்தைவிட ருசித்தது.

அன்றைக்கு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ரிசார்ட்டின் முதலாளி செபமாலையம்மாள், தூத்துக்குடிக்காரர், எழுபது வயது. சென்னையிலிருந்து விமானத்தில் வந்து பிற்பகல் இரண்டரைக்கு நெடும்பாசேரியில் இறங்குகிறார். மேனேஜரே போய் அழைத்துவர வேண்டும். பத்தே காலுக்கு ராமுத்தாய் துடைப்பதை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"சார், அம்மாவைக் கூப்பிடணும்னா இப்பவே கெளம்புங்க. இதுவே முக்கால் மணி நேரம் லேட்டு."

ஜின்சன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மற்ற டிரைவர்கள் எல்லோரும் அங்கே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே கிளம்பினால் பலகை பொய். கிளம்பாவிட்டால் முதலாளி காத்திருக்க வேண்டும். மனிதனுக்குப் புத்தி எத்தனை இருந்தாலும் வீம்பு முன்னால் போய் நின்றுகொள்ளும். "ரெண்டு மணி நேரம்," என்றார். சரியாகப் பன்னிரண்டரைக்கு, வேட்டியில் சுருக்கம் விழாமல் பார்த்து உட்கார்ந்து, தானே காரை ஓட்டிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு இருபதுக்கே பெரியமுத்துவிடமிருந்து போன் வந்திருந்தது. எலப்புள்ளித் தம்பதி இறங்கியாயிற்று. ஐந்து மணி பத்து நிமிடம். வழியில் தனபால் இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். ஒன்று வாந்திக்கு, ஒன்று கட்டிய சோற்றுக்கு, இந்த வரிசையில்.

பிற்பகல் நாலே காலுக்கு ரிசப்ஷன் போன் அடித்தது. எடுத்த சிவசங்கரி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு முகம் வெளுத்து, தரை துடைத்துக்கொண்டிருந்த ராமுத்தாயிடம் நீட்டினாள். "அம்மா பேசுறாங்க. நீங்களே சொல்லுங்கக்கா."

"யாரு பேசுதது?" என்றார் செபமாலையம்மாள்.

"ராமுத்தாய்ம்மா. வண்டிப் பொறுப்புல இருந்தவ."

"ஏம்மா, அந்த ஜின்சன் எங்க இருக்கான்? நான் வந்து எறங்கி ரெண்டு மணி நேரம் ஆகப்போவுது. மூணு மணிக்குக் கேட்டேன், பெரும்பாவூர் வந்துட்டேன் பத்து நிமிசம்னான். மூணரைக்குக் கேட்டேன், பெரும்பாவூர்ங்கான். இப்பக் கேக்கேன், பெரும்பாவூர்தானாம். அது ஊரா, இல்ல கார்ல கூட உக்காந்து வருதா?"

"பன்னெண்டரைக்குக் கெளம்புனாருங்கம்மா."

"அப்ப எங்க இருப்பான்?"

ராமுத்தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கண்ணை மூடிப் பாதையில் இறங்கினாள். பன்னிரண்டரைக்கு மேல், மலையிடுக்கில் போகிற கேப் ரோட்டில் மேகம் இறங்கியிருக்கும். மூணாறு டவுனில் லீவு வண்டிகள், நாற்பது நிமிடம். அடிமாலியில் மழை. அதற்குக் கீழே காடு.

"அம்மா, அவர்ட்ட ஊர் பேரு கேக்காதீக. ரோட்டோரத்துல குரங்கு இருக்கான்னு மட்டும் கேளுங்க."

"குரங்கா?"

"கேளுங்கம்மா."

மூன்று நிமிடம் கழித்து மறுபடி போன் வந்தது. செபமாலையம்மாளின் குரலில் கோபமும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. "கேட்டேன். 'ஆமா அம்மா, நெறைய நிக்குது, ஒண்ணு கார் மேலயே ஏறிட்டு'ங்கான்."

"பெரும்பாவூர்க் கடைத்தெருவுல குரங்கு கெடையாதும்மா. அது நேரியமங்கலத்துக்கு மேல, அருவிகிட்ட. அங்கேருந்து உங்ககிட்ட வர ஒண்ணே முக்கால் மணி நேரம். ஆறு மணி, ரெண்டு மூணு நிமிசம் முன்னப்பின்ன. நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீகளா?"

"இல்ல."

"சாப்பிட்டுட்டு உக்காருங்க. அவசரமே இல்ல."

ஐந்து நாற்பதுக்கு மஸ்கட் விமானம் கிளம்பியது. உள்ளே தனபாலும் நர்மதாவும் இருந்தார்கள். ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு ஜின்சனின் கார் விமான நிலைய வாசலில் நின்றது. சின்னக்கானலிலிருந்து ஐந்து மணி முப்பத்திரண்டு நிமிடம். அவர் கணக்கை நம்பிப் புறப்பட்டிருந்தால் அந்தத் தாய் பெட்டியோடு வாசலில் நின்று, தலைக்கு மேலே போகிற விமானத்தின் விளக்கை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செபமாலையம்மாள் அவர் காரில் ஏறவில்லை. அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு, பெரியமுத்துவை நிறுத்திவைத்து, மறுநாள் ராமுத்தாயைப் போனில் கேட்டு அவள் சொன்ன மணிக்குப் புறப்பட்டு, அவள் சொன்ன மணிக்கு மேட்டில் வந்து இறங்கினார். அதற்கு மறுநாள் காலை எல்லோரையும் ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டார்.

ஜின்சன் தயாராக இருந்தார். "அம்மா, அன்னைக்கு மட்டும் பிளாக். மூணாறுல பிளாக், அடிமாலில மழை, வழியில லாரி. இல்லேன்னா ரெண்டு மணி நேரம்தான்."

"மலைல மழை பெய்யும்னு உமக்கு யாரும் சொல்லலையாக்கும்," என்றார் செபமாலையம்மாள். ராமுத்தாய் பக்கம் திரும்பினார். "ஒம்ம நோட்டைக் கொண்டாரும்."

நோட்டைப் புரட்டினார். மேகம், சாய்ந்த கோடு, தும்பிக்கை, கரும்பு. "இதுல எழுத்தே இல்லையே?"

"மணிக்கு எழுத்து எதுக்கும்மா?"

செபமாலையம்மாள் ஒவ்வொரு படமும் என்னவென்று கேட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு சிவசங்கரியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மாதவாரியாக, மழை நாளுக்கு வேறு, லீவு நாளுக்கு வேறு என்று புறப்படும் நேரத்தை ஒரே தாளில் அடிக்கச் சொன்னார். ராமுத்தாய் சொல்லச் சொல்ல அது தயாரானது. கிலோமீட்டர் என்ற வார்த்தை அதில் ஓரிடத்திலும் இல்லை. டிரைவர்கள் ஏணி போட்டு ஃப்ளெக்ஸ் பலகையை இறக்கினார்கள். அப்போதுதான் எல்லோரும் ஒன்றைக் கவனித்தார்கள். அந்தப் பலகையில் யார் பெயரும் இல்லை. புளுகுக்குக் கீழே பெயர் போடும் வழக்கம் எங்கும் கிடையாது.

"இந்தத் தாள்ல பேர் வேணும்," என்றார் செபமாலையம்மாள். "இதை நம்பி ஒருத்தர் பிரசவத்துக்குப் போவாங்க, இன்னொருத்தர் சாவுக்குப் போவாங்க. நேரம் சொன்னது யாருன்னு தெரியணும். வண்டிப் பொறுப்பு இனி ராமுத்தாய்தான், மாத்தம் கெடையாது. கையெழுத்துப் போடும்மா."

ஜின்சனுக்குக் கடைசியாக ஒரு சந்தோஷம் கிடைத்தது. மேசை இழுப்பறையைத் திறந்து மை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, மரியாதையாகவே அவள் முன்னால் நகர்த்தினார். "சேச்சிக்கு இதுதான் சௌகரியம்."

பதின்மூன்று வருஷம் சம்பளம் வாங்கும்போது பெருவிரலை அழுத்திய அதே டப்பா. ராமுத்தாய் அதை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினாள். சிவசங்கரியின் காதோரம் செருகியிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

எழுத்து வராதுதான். ஆனால் அவள் பெயரில் இருப்பது ஐந்தே எழுத்து. ராஜாக்காடு போகிற தேனி பஸ்ஸின் நெற்றியில் முதல் எழுத்து இருந்தது. முந்தல் செக்போஸ்டில் இரண்டாவது. உத்தமபாளையம் பஸ்ஸில் மூன்றாவது. நான்காவது ஏதோ ஒரு நகைக்கடையின் தாலி விளம்பரத்தில். ஐந்தாவதுதான் வருஷக்கணக்கில் சிக்கவில்லை; கடைசியில் சூரியநெல்லி ரோட்டில் ஒரு பங்களாவின் 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையில் கிடைத்தது. ஒவ்வொன்றும் அவள் பெயரில் வருகிற எழுத்துதான் என்று சிவசங்கரிதான் அவளுக்கு உறுதி செய்து சொன்னவள். வண்டிக்குக் காத்து நிற்கும் நேரங்களில் ஈர மண்ணில் குச்சியால் வரைந்து, செருப்பால் அழித்து, மறுபடி வரைந்திருக்கிறாள். தாளில் போட்டதில்லை. போட யாரும் கேட்டதில்லை.

குனிந்து, பேனாவைக் கத்தி பிடிப்பது போலப் பிடித்து, ஒரு நிமிடம் இருபது விநாடி எடுத்துக்கொண்டாள். முதல் எழுத்து பெரிதாகவும் கடைசி எழுத்து சிறிதாகவும் வந்தது. வரி கொஞ்சம் மேல்நோக்கி ஏறியிருந்தது. ஜின்சன் எட்டிப் பார்த்துவிட்டு மை டப்பாவை மூடினார். கீழே தேதியையும் அவளே எழுதினாள். எண் என்பதால் அதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

21-10-2023.